கடலில் இழுபட்ட சிலுவை

பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டியர் விட்டுச்சென்ற பொருள்களுக்கிடையே செம்பவள மணிகளால் கோத்த செபமாலை ஒன்று இருப்பதுண்டு. பல தலைமுறைகளின் விரல் பட்டு மெருகேறிய மணிகள் அவை. அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்திச் செபிக்கிறோம். ஆனால் அவை எந்தக் கடலின் அடியிலிருந்து, யாருடைய கைகளால், எவ்வாறு மேலே வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தால், வியப்புக்குரிய ஒரு கருவியின் வரலாறு நம்முன் விரிகிறது. அந்தக் கருவியும் ஒரு சிலுவையே.

செம்பவளம் மத்தியதரைக் கடலுக்குரியது. இத்தாலி, சார்தீனியா, கோர்சிகா, துனிசியா, அல்சீரியா ஆகிய கரைகளை அடுத்த பாறைகளில் அது வளர்கிறது. வெளிச்சத்தை அது நாடுவதில்லை. பாறைப் பிளவுகளின் நிழலிலும், கடற்குகைகளின் கூரைகளில் தலைகீழாகவும் கிளை விடுகிறது. சில பாக ஆழத்திலும் உண்டு. பல நூறு மீட்டர் ஆழத்திலும் உண்டு. மூச்சடக்கி மூழ்குவோர் எட்டக்கூடியது மேல்மட்டத்தில் உள்ளது மட்டுமே. எஞ்சியதை எடுப்பதற்காக மனிதர் கண்டுபிடித்த கருவியை இத்தாலியப் பவளக்காரர் ‘இஞ்ஞேனோ’ என்றனர். ‘புனித அந்திரேயாவின் சிலுவை’ என்பது அதற்கு வழங்கிய மற்றொரு பெயர்.

அமைப்பு எளியது. கனத்த இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்காக வைத்து இறுகக் கட்டுவார்கள். நடுவில் பெரிய கல்லையோ இரும்பையோ பாரமாகப் பிணைப்பார்கள். சட்டங்களின் முனைகளிலிருந்து, சணற்கயிற்றால் தளர்வாகப் பின்னிய வலைத்துண்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இவை மீனுக்கான வலைகள் அல்ல. பவளக் கிளைகளைச் சிக்கவைப்பதற்கானவை. பவளப் பாறைக்கு மேலே படகு வந்ததும் சிலுவையைக் கடலில் இறக்குவார்கள். நீரில் விரிந்த வலைகள் பாறையின் இடுக்குகளில் புகும். படகு நகர, கிளைகள் வலையில் சிக்கி ஒடியும். பின்னர், படகில் நிறுத்திய மர உருளையில் கோல்களைச் செருகி, ஆட்கள் அதைச் சுற்றித் தள்ளிக் கயிற்றை மேலே இழுப்பார்கள். சிலுவை பாறையில் மாட்டிக்கொண்டால் கயிற்றைத் தளர்த்துவதும் இறுக்குவதும் படகை முன்னும் பின்னும் நகர்த்துவதுமாக நெடுநேரம் போராட வேண்டும். அடித்தளத்தை எவரும் காண்பதில்லை. கயிற்றின் அதிர்வே படகுத் தலைவனுக்குக் கண்.

கருவியின் அடிப்படை மிகப் பழையது. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154-இல் தம் நூலை நிறைவு செய்த அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி, வட ஆப்பிரிக்கக் கரையில் சணலால் ஆன கருவிகளைக் கடலுக்குள் இறக்கிப் பவளம் எடுத்ததை எழுதியிருக்கிறார். கிறிஸ்தவக் கரைகளில் அதன் மர வடிவம் திருத்தூதர் அந்திரேயாவை நினைவூட்டியது. நம் முன்னோர் பெலவேந்திரர் என்று போற்றிய அவர், கலிலேயக் கடலில் வலைவீசிய மீனவர். பெருக்கற்குறி வடிவிலான சிலுவையில் உயிர்நீத்தவர் என்பது மரபு. வலை தொங்கும் சிலுவைக்கு மீனவத் திருத்தூதரின் பெயர் பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

இத்தொழிலுக்குப் பேர்போன ஊர், வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் நேப்பிள்ஸ் விரிகுடாவை நோக்கி அமைந்த தோரே தெல் கிரேக்கோ. வசந்த காலத்தில் அங்கிருந்து புறப்படும் படகுகள் சார்தீனியக் கரைக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் சென்று, இலையுதிர் காலத்தில் திரும்பும். தொழிலை ஒழுங்குபடுத்த நேப்பிள்ஸ் அரசு 1790-இல் தனிச் சட்டத் தொகுப்பே வெளியிட்டது. 1794-இல் எரிமலைக் குழம்பு ஊரின் பெரும்பகுதியை அழித்தது. மக்கள் அதே இடத்தில் மீண்டும் வீடு கட்டினர். 1805-இல் மர்சேயிலிருந்து வந்த பால் பர்த்தெலமி மர்த்தென் அங்கே பவளப் பட்டறை தொடங்கினார். 1878-இல் பவளச் செதுக்குக் கலைக்கென ஒரு பள்ளியும் எழுந்தது.

பவளம் அணிந்தவர்களை ஓவியங்கள் நமக்குக் காட்டுகின்றன. பவளம் எடுத்தவர்களை அவை காட்டுவதில்லை. பிரெஞ்சு அறிஞர் லகாஸ்-துத்தியே, அல்சீரியக் கரையில் ஆய்வு நடத்தி 1864-இல் வெளியிட்ட பவள வரலாற்று நூலில் அவர்களைப் பற்றியும் எழுதினார். பெரிய படகுகளில் வேலை இரவும் பகலும் நடந்தது. கோடை வெயிலில், போதிய உறக்கமின்றி, எளிய உணவுடன், கைகள் காய்த்துப்போக உருளையைச் சுற்றினர். கப்பற்படையிலும் வணிகக் கப்பலிலும் இல்லாத கடுமை பவளப் படகில் இருந்தது. மேலே வந்த செல்வத்தில் அவர்கள் பங்கு மிகச் சிறியது.

அந்தச் செல்வம் வெகுதொலைவு பயணம் செய்தது. 13-ஆம் நூற்றாண்டுப் பாரிசின் தொழிற்சங்க விதிகளில், பவளத்தால் செபமாலை மணி செய்வோர் தனித் தொழிலினராகவே குறிக்கப்படுகின்றனர். பியரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய ‘செனிகாலியாவின் அன்னை’ ஓவியத்தில் குழந்தை இயேசுவின் கழுத்தில் பவளமாலை உள்ளது. பவளம் பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. அதன் செந்நிறம் வரவிருக்கும் பாடுகளின் இரத்தத்தைக் குறித்தது என்பது கலைஞரின் கருத்து.

நம் நாட்டுக்கும் அது வந்தது. இந்திய முத்தை உரோமர் எவ்வளவு மதித்தனரோ அவ்வளவு இந்தியர் பவளத்தை மதித்தனர் என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். மன்னார் வளைகுடாவில் மூழ்கியவர் எடுத்த முத்து மேற்கே செல்ல, மேற்கே எடுத்த பவளம் கிழக்கே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் லிவோர்னோ, இலண்டன் நகர்களின் யூத வணிகர் சென்னைக்குப் பவளம் அனுப்பி, வைரம் பெற்றுச் சென்றனர். சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

இவ்வளவு காலம் எடுத்தும், பவளம் என்பது என்ன என்றே மனிதர் அறியவில்லை. காற்றுப் பட்டதும் கல்லாகும் கடற்செடி என்றே முன்னோர் கருதினர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர்சீலி என்ற இத்தாலிய அறிஞர், கடல்நீரில் வைத்த பவளத்தில் எட்டு இதழ்களுடைய வெண்மலர்கள் விரிவதைக் கண்டு, அது செடியே என்று உறுதி செய்தார். மர்சேயின் மருத்துவர் பெய்சொனேல், 1720-களில், அவை மலர்கள் அல்ல, சிற்றுயிர்கள் என்று கண்டறிந்தார். பாரிசின் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்கச் சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. உலகம் கல்லென்றும் செடியென்றும் எண்ணி ஒடித்தது உயிர்கள் கூடி வாழ்ந்த இல்லத்தை. அந்த இல்லம் எழும் வேகமும் மிகக் குறைவு. கிளையின் பருமன் ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கு அளவே கூடுகிறது. ஒரு செபமாலை மணிக்குப் போதிய பருமன் சேர ஒரு தலைமுறைக்காலம் வேண்டும்.

1875-க்கும் 1880-க்கும் இடையே சிசிலியின் சியாக்கா நகரை அடுத்த கடலில் மூன்று பெரும் பவளத் திட்டுகள் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே இருந்தது உயிருள்ள பவளம் அன்று. என்றோ ஒடிந்து விழுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேற்றில் புதைந்து கிடந்த பவளம். நூற்றுக்கணக்கான படகுகள் அங்கே குவிந்து சிலுவைகளை இறக்கின. மீன்பிடித்தவரும் தொழிலை விட்டுப் பவளத்துக்கு ஓடினர். சந்தையில் பவளம் மலைபோல் குவிய, விலை சரிந்தது. செல்வம் தேடி வந்த பலர் கடனோடு திரும்பினர். அள்ளியது மிகுந்தபோதும் வாழ்வு பெருகவில்லை.

இக்கருவியின் பெரிய குறை ஒன்றுண்டு. ஒடித்தவற்றில் ஒரு பகுதியே வலையில் சிக்கி மேலே வந்தது. எஞ்சியவை அடியிலேயே விழுந்து வீணாயின. பவளத்தோடு அதைச் சார்ந்து வாழ்ந்த பிற உயிர்களும் நசுங்கின. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடிகளைக் கண்ட நம் கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறுதியில் 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் புனித அந்திரேயாவின் சிலுவையையும் அதுபோன்ற இழுவைக் கருவிகளையும் பவளம் எடுக்கப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் மத்தியதரைக் கடலுக்கான மீன்வள ஆணையம் மேலும் விதிகள் வகுத்தது: ஐம்பது மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் எடுக்கலாகாது, மூழ்குவோர் சுத்தியலால் மட்டுமே எடுக்கலாம், அடிப்பருமன் ஏழு மில்லிமீட்டருக்குக் குறைந்ததைத் தொடலாகாது. காணாமல் இழுத்த கையின் இடத்தில், கண்டு தெரிந்தெடுக்கும் கை வந்திருக்கிறது.

இதை அறிந்தபின் பாட்டியின் செபமாலையை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதை உருட்டும்போது வேறு சிலரையும் நினைவிற்கொள்ளலாம். உருளையைச் சுற்றிக் கை காய்த்தவர்கள், பெயரின்றி மறைந்தார்கள். இருளில் மெல்ல வளர்ந்த உயிர்கள், உயிரென்றே அறியப்படாமல் ஒடிந்தன. நமக்குச் சிலுவை என்பது தன்னையே கையளித்த ஒருவரின் அடையாளம். அதே வடிவை மரத்தில் செய்து, கயிற்றில் கட்டி, காணாத ஆழத்தில் இழுத்து, வேண்டியதையும் வேண்டாததையும் ஒடித்தவர்களும் நம்மைப் போன்ற பக்தியுள்ள மக்களே. பெயரும் வடிவமும் புனிதமாக இருந்தால் செயலும் புனிதமாகிவிடும் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. நம் கைக்கு வந்து சேரும் ஒவ்வொன்றையும் குறித்து, இது யாருடைய உழைப்பு, எதன் உயிர் என்று ஒருகணம் கேட்டுக்கொள்வது, மணியை நகர்த்தும் விரலுக்கு நாம் பழக்கவேண்டிய மற்றொரு செபம்.