மெழுகில் பதிந்த குரல்கள்

பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டும் நண்பர்கள் சிலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் எனக்கு இருக்கிறார்கள். எழுபதுகளில் ஈழத்துப் பொப்பிசை பரவிய காலத்து நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால், அடுத்து என்னிடம்தான் கேட்பார்கள்: “வாழைச்சேனைப் பக்கத்து நாட்டார் பாடகர் யாருடைய தட்டாவது கிடைக்குமா?” அப்படியொரு தட்டு என் கைக்கு இதுவரை வந்ததில்லை. அதன் காரணத்தை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது.

1902இல் பிரெட் கெய்ஸ்பேர்க் கல்கத்தாவில் இந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். 1908இல் அங்கேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை எழுந்தது. அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். விற்பதற்கு உறையில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு வாங்குவோர் வேண்டும். கிட்டப்பாவுக்கும் கே. பி. சுந்தராம்பாளுக்கும் நாடக மேடை அந்தப் பெயரைத் தந்தது.

வாழைச்சேனைக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுத்தபடியே ஏற்றுப் பாடுவார்கள். வலை கரையேறும் வரை பாட்டும் ஓயாது. சூடடிக்கும் களத்தில் மாடுகளைச் சுற்றவிட்டுப் பாடும் பொலிப் பாட்டும் இத்தகையதே. பாடியவருக்கு அது தொழில், கச்சேரியன்று. ஆகவே பெயரும் நிற்கவில்லை, தட்டும் வரவில்லை.

அச்சு ஓரளவு கைகொடுத்தது. தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. இவர்களுக்கு நாம் பெருங்கடன் பட்டிருக்கிறோம். எனினும் சொல்லைத்தான் காகிதம் காக்கும், குரலைக் காக்காது. 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலிலிருந்தே கடதாசி செய்தது. அந்த வைக்கோல் உதிர்ந்த களங்களின் பாட்டோ காற்றோடு போனது.

இந்தப் பிரதேசத்துக்கு அண்மையில் பதிவான மிகப் பழைய நாட்டார் குரல்கள் இசைத்தட்டில் இல்லை, மெழுகு உருளையில் இருக்கின்றன. 1907இல் ஜேர்மனியரான லெனோர் செலென்கா அம்மையார் இலங்கை வேடர்களின் பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றை ஆராய்ந்து 1909-10இல் கட்டுரை எழுதிய மாக்ஸ் வேர்ட்ஹைமர் பின்னாளில் உளவியலில் உலகப் புகழ் பெற்றார். 1907-08இல் சார்ள்ஸ் செலிக்மனும் மனைவி பிரெண்டாவும் மட்டக்களப்புக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள காடுகளில் மேலும் பாடல்களைப் பதிந்தார்கள். அவர்களுடைய ‘வேடர்கள்’ நூல் 1911இல் வந்தபோது அப்பாடல்களின் இசையை ஆராய்ந்தவர் சி. எஸ். மயர்ஸ். சில பாடல்கள் இரண்டே சுரங்களில் அமைந்திருந்ததை அவர் காட்டினார்.

பேர்லின் ஒலிக் காப்பகத்தின் உருளைகளில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரின்பின் லெனின்கிராட் வரை போய், கிழக்கு பேர்லின் வழியாகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்தது. 1999இல் யுனெஸ்கோ அக்காப்பகத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இவ்வளவு காவலும் கிடைத்த பாடல்கள் தமிழில் அமைந்தவையல்ல. ஆனால் செலிக்மன் நூலிலேயே கரையோர வேடர்களைப் பற்றியும் ஓர் இயல் உண்டு. வாகரை, வாழைச்சேனைக் கரைகளில் மீன்பிடித்துத் தமிழ் பேசி வாழ்பவர்கள் அவர்கள். அந்தக் காட்டுக் குரல்களுக்கும் நம் கரைக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

தேடல் இங்கேதான் அவசரமாகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாகரைக் கரையை அழித்தது. 2006-07இல் போர் அங்கிருந்த மக்களைக் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்த்தது. களத்தில் மாட்டின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது. பாட்டுக்கு உரிய தொழில் மாறினால் பாட்டு அதிக நாள் நிற்பதில்லை. நினைவில் வைத்திருப்போர் முதியவர்கள்.

ஆகவே தட்டுத் தேடும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய உறைகளைப் புரட்டுங்கள், நன்று. ஆனால் ஊருக்கு வரும்போது கைத்தொலைபேசியை ஒரு முதியவரின் முன் வைத்து, அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பாடியவரின் பெயர், ஊர், தேதி, எந்த வேலைக்குப் பாடியது என்ற நான்கையும் மறவாமல் எழுதி வையுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்திடமே கொடுங்கள். செலிக்மன் தம்பதியர் மெழுகையும் கருவியையும் காடு வரை சுமந்தார்கள். நமக்கு அந்தச் சுமையும் இல்லை.