கூரை யாருடையது? சேரி வீடுகளும் காப்பீடும்: ஒரு வரலாற்றுப் பார்வை

2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சில நாட்களில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனிக்குச் சேதக் கணக்கெடுக்கப் போயிருந்தோம். ஓர் அக்காவின் வீட்டில் செங்கல் சுவர் நாலும் அப்படியே நின்றன. மேலே வானம் தெரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பாதி பறந்து வாய்க்காலில் கிடந்தது. "குடிசைக்குத்தான் குடிசைப் பணமாம். எங்களுடையது குடிசை இல்லையாம். சுவர் நிற்கிறதால வீடு இடிஞ்ச கணக்கிலும் வராதாம்" என்றார். அவருடைய வீட்டுக் கடன் கோப்பைப் புரட்டியபோது உள்ளே ஒரு பாலிசி இருந்தது. கடன் கொடுத்த நிறுவனம் முதல் தவணையிலேயே பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்த வீட்டுக் காப்பீடு. புயலுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அதில் எழுதியிருந்தது. அக்காவுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

அந்தக் கிளைம் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் ஒரு விஷயம். கூரை போனபின் காப்பீட்டு நிறுவனமும் சரி, வருவாய்த் துறையும் சரி, ஒரே மூன்று கேள்விகளைத்தான் கேட்கின்றன. மனை யார் பெயரில்? கூரை எதனால் ஆனது? எதனால் சேதமானது? கேட்பதற்குச் சாதாரணக் கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் நம் மக்கள் சொல்லக்கூடிய பதிலை நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் மனை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே அறிக்கை குடியிருக்கும் மனையைப் பற்றியும் பேசுகிறது. சேரி நிற்கும் மண்ணே மிராசுதாருடையது. கூலி உயர்த்திக் கேட்டால், வேறு ஊருக்கு வேலைக்குப் போனால், மதம் மாறினால் "மனையைக் காலி பண்ணு" என்ற ஒரு சொல் போதும். காவிரிப் படுகையில் பண்ணையாட்களின் நிலையும் இதுதான். குடிசையைக் கட்டியவர் ஆள், அடியில் இருக்கும் மண் ஆண்டையுடையது. குடியிருப்பவரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961இல்தான் வந்தது. குடியிருப்பு மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு கூரைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள்.

இதற்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை விதி ஒன்று உண்டு: ஒரு பொருள் அழிந்தால் யாருக்குச் சட்டம் ஏற்கும் பண நட்டம் வருமோ, அவர்தான் அதைக் காப்பீடு செய்ய முடியும். காப்பீட்டு நலன் என்பார்கள். மண் மிராசுதாருடையது, எந்த நேரமும் வெளியேற்றலாம் என்ற நிலையில் வாழ்ந்த குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டி அந்த நலனை நிரூபித்திருக்கும்? இன்றும் பட்டா மாமனார் பெயரில் இருக்கும், அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும், வாரிசுச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள். கிளைம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து கூரை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஓட்டு வீடு கட்டக்கூடாது என்ற தடை இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்த சமஸ்தானத்தில் இருந்ததுதான். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதில் ஒன்று, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது என்பது. தலைக்கு மேல் துணி விரிப்பதையே பொறுக்காத ஊரில், தலைக்கு மேல் ஓடு வேய யார் விட்டிருப்பார்கள்? எழுதப்பட்ட தடை இல்லாத இடங்களில் வறுமையும் பயமும் அதே வேலையைச் செய்தன. கீற்று, பனையோலை, வைக்கோல். அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றக் காசில்லாத வருடம் ஒழுகும்.

இந்தக் கூரையைக் காப்பீட்டுத் துறை எப்படிப் பார்த்தது? தீக் காப்பீட்டுக்கு நாடு முழுவதும் ஒரே கட்டண விதி 2006 முடியும்வரை நடப்பில் இருந்தது. அதில் மரப்பலகை, ஓலை, புல், வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக், தார்ப்பாய் ஆகியவற்றால் சுவரோ கூரையோ அமைந்த கட்டடம் 'கச்சா'. அதற்குக் கூடுதல் பிரீமியம். எளிதில் தீப்பிடிக்கும் கூரைக்கு அதிகக் கட்டணம் என்பது கணக்குப்படி சரி. நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூரையை விரும்பியா வேய்ந்தோம் என்ற கேள்விக்கு எந்தக் கட்டண அட்டவணையிலும் இடமில்லை.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 1988 மே 1 முதல் கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்குக் குடிசைக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பிரீமியத்தை ஒன்றிய அரசே கட்டியது. தீயில் குடிசை அழிந்தால் 1000 ரூபாய், உள்ளே இருந்த பொருட்களுக்கு 500 ரூபாய். நல்ல நோக்கம்தான். இருந்தாலும் தீக்கு மட்டும். காற்றில் பிய்த்துக்கொண்டு போனால் இல்லை.

அதே காலத்தில்தான் காங்கிரீட் வந்தது. வீடு கட்டித் தருவதற்காகவே தாட்கோ 1974இல் தொடங்கப்பட்டது. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம், முதலில் தலித், பழங்குடி மக்களுக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் என்றே ஆரம்பித்தது. காலனியில் தொகுப்பு வீடுகள் வரிசையாக எழுந்தன. அந்த வீடுகளுக்குள் நம்மில் எத்தனையோ பேர் பிறந்திருக்கிறோம், ஆகவே அதன் கூரையைப் பற்றிப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி துருப்பிடித்து உப்பி, காரை பெயர்ந்து, தூங்கும் குழந்தை பக்கத்தில் விழும். மழைக்காலத்தில் உள்ளே தார்ப்பாய் கட்டிப் படுப்போம். வீட்டுக் காப்பீடு இருந்தாலும் இதற்கு ஒரு பைசா வராது. நாள்பட்ட தேய்மானம், கட்டுமானக் குறை, பராமரிப்பின்மை ஆகியவை எல்லா பாலிசியிலும் விலக்கு. திடீரென்று நடந்த விபத்துக்கு மட்டுமே காப்பீடு. மெல்ல மெல்ல இடிந்து விழுவது காப்பீட்டு மொழியில் விபத்தே இல்லை. ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் குறைத்ததற்கு விலை கேட்க வேண்டிய இடம் வேறு, இன்சூரன்ஸ் அலுவலகம் அல்ல. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

மூன்றாவது கேள்வி: எதனால் சேதம்? இங்கே நம் வரலாறு புயலோடு நிற்பதில்லை. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் படையே வீடு புகுந்து சூறையாடியது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. அவை எல்லாம் கீற்றுக் குடிசைகள் அல்ல. பெங்களூரு போய் உழைத்துச் சேர்த்த காசில் எழுந்த வீடுகள் அவற்றில் நிறைய. பீரோவும் இருசக்கர வண்டியும் பிள்ளைகளின் சான்றிதழும் சேர்ந்து எரிந்தன. பக்கா கூரை கட்டினால் பாதுகாப்பு என்று நம்பியவர்களுக்கு, பக்கா கூரையே கண்ணை உறுத்தியது.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத இரண்டு செய்திகள் இந்த இடத்தில் உண்டு. ஒன்று, வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளம், இடி, தீ ஆகியவற்றோடு கலவரமும் வேண்டுமென்றே செய்யப்பட்ட சேதமும் அடங்கும். முதல் தகவல் அறிக்கையில் வீட்டுச் சேதம் தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். ஆனால் அரசு ஆணையால் இடிக்கப்பட்டால் கிடையாது. ஆக்கிரமிப்பு என்று சொல்லி புல்டோசர் வந்தால் பாலிசி வாய் திறக்காது. இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் இணைப்பில், வன்கொடுமையில் எரிந்த அல்லது அழிந்த வீட்டுக்குப் பதிலாகச் செங்கல் அல்லது கல் வீடு அரசு செலவில் கட்டித் தரப்பட வேண்டும் என்று இருக்கிறது. எரிந்தது ஓலைக் கூரையா என்று அந்த விதி பார்ப்பதில்லை.

பேரிடர் நிவாரண விதி பார்க்கிறது. 2022-26 காலத்துக்கான ஒன்றிய அரசின் அளவுப்படி, சமவெளியில் முழுதும் அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். பகுதிச் சேதமென்றால் குறைந்தது 15 விழுக்காடு சேதம் இருக்க வேண்டும். பக்கா வீட்டுக்கு 6,500, கச்சாவுக்கு 4,000. வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்றளிக்கவும் வேண்டும். ஒரே புயல், ஒரே இரவு. வி.ஏ.ஓ. பேரேட்டில் 'குடிசை' என்று எழுதுகிறாரா 'வீடு' என்று எழுதுகிறாரா என்பதில் தொகை பதினைந்து மடங்கு மாறுகிறது. அவர் எழுதும்போது பக்கத்தில் நிற்க வேண்டியது நம் வேலை.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்றாக வேண்டும். பழைய பாலிசிகளில் ஒரு கண்ணி இருந்தது. 4 லட்சம் பெறும் வீட்டை 2 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 1 லட்சம் சேதமானால் கையில் வருவது 50,000தான். பாதி மதிப்புக்குக் காப்பீடு என்றால் பாதி இழப்பீடு. புதிய பாலிசி இதைக் கைவிட்டது. குறைந்த தொகைக்கே பிரீமியம் கட்ட முடிகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய மாற்றம். வீட்டுக் கடன் வாங்கிய ஒவ்வொரு குடும்பத்தின் கோப்பிலும் பாலிசி இருக்கிறதா, அது யாருடைய இழப்பை ஈடுகட்டுகிறது, வீட்டையா அல்லது கடன் வாங்கியவரின் உயிரையா என்று பார்த்துச் சொல்ல, படித்த பிள்ளைகள் காலனிக்கு ஒருவர் போதும்.

அந்த அக்காவின் கதைக்கு வருவோம். உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்தோம். "சர்வேயர் வருவார்" என்றதும் நிலம் அளக்கச் சங்கிலியோடு வருவார் என்று தெருவே நினைத்தது. வந்தவர் சேதத்தை மதிப்பிடுகிறவர். அவர் வருவதற்குள் அக்கா உடைந்த ஷீட்டையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டார். பிள்ளைகள் காலில் குத்துமே என்று யோசிக்கிறவர் அப்படித்தான் செய்வார். நல்லவேளை, கணக்கெடுத்த அன்று நாங்கள் எடுத்த படங்கள் இருந்தன. முதல் பதில், ஷீட் பழையது, தேய்மானத்தால் விழுந்தது, கிளைம் நிராகரிப்பு என்று வந்தது. ஒரே இரவில் அதே தெருவில் பறந்த மற்றக் கூரைகளின் படங்களையும் வருவாய்த் துறையின் சேதப் பட்டியலையும் சேர்த்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மறுபடி எழுதினோம். அங்கே ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தால், ஓராண்டுக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அந்த மனுவையும் எழுதித் தயாராக வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. கேட்டதில் முக்கால் பங்கு வந்தது, அதுவும் கடன் கணக்கு வழியாக.

புது ஷீட் போட்டாயிற்று. இந்த முறை கம்பியால் கட்டாமல் ஜே போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். போன மாதம் போனபோது அக்கா ஏணி போட்டு எங்களை மேலே ஏறச் சொன்னார். "நல்லா இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்து வச்சிடுங்க தம்பி."