நரம்பும் தோலும்

திருநாளைப்போவார் கோயில்களுக்கு அளித்த பொருள்களைச் சேக்கிழார் கருத்தூன்றிக் கூறுகிறார். பேரிகை முதலிய முழவுகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அவர் கையால் வந்தவை. கோயிலிசைக்கு உடம்பு தந்தவர் வாயிலுக்குப் புறத்தே நின்றார். பக்திச் சுவையில் திளைப்போர் இக்கருவிக் கணக்கை விரைந்து கடந்துவிடுவதுண்டு. தமிழிசை வரலாற்றுக்கோ அதுவே தலைவாயில் எனத் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையைக் கீர்த்தனையாக்கினார். கதாகாலட்சேபம், நாடகம், இசைத்தட்டு, திரைப்படம் என அது வழிவழிச் சென்றது. 1942-இல் திரையில் நந்தனாராகத் தோன்றிய எம்.எம். தண்டபாணி தேசிகர், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றினார். அங்குதான் 1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு கூடியது. அரங்குகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே மேலோங்கியிருந்த காலம் அது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற அம்முயற்சி, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமாக வேரூன்றியது. பாட்டின் மொழியை மாற்றியது சிறிய செயலன்று. எனினும், மேடையில் எக்கருவி அமர்வது, எவர் அமர்வது என்னும் வினாவை அவ்வியக்கம் பெரிதும் எழுப்பவில்லை. சுவாமி சகஜானந்தர் 1916-இலேயே நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்ட அதே சிதம்பரத்தில், பறை தமிழிசையின் புறத்தே நின்றது.

முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அவ்வினாவை எழுப்பியது பல்கலைக்கழகமும் அன்று, சபையும் அன்று. ஒரு சிறு இசைத்தட்டு நிறுவனம். தமிழ்நாட்டில் இசை வணிகம் திரைப்படத்தையே சார்ந்தது. வடசென்னையின் கானாவும் கதைக்கு வண்ணம் சேர்க்கும் அளவிலேயே திரைக்குள் பெரிதும் இடம்பெற்றது. இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானாவின் துயரும் எள்ளலும் அங்கு முழுமையாக ஒலிக்க வழியில்லை. இசையமைப்பாளர் டென்மாவின் ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்துடன் இணைந்து, 19 கலைஞர்களைத் தேர்ந்து, ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவை உருவாக்கியது. ‘சாதியற்றோர் கூட்டு’ எனப் பொருள்படும் அப்பெயர், பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பிறந்தது. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அப்பெருமகனாரின் கருத்து, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்துத் திடலில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாட்டாயிற்று.

சோதனை இசை என்றால் செவிக்குப் புலப்படாத ஒலிக்கோவை என்று கொள்வோர் உளர். இக்குழுவின் சோதனை வேறு வகையது. பறையும் சட்டியும் கட்டை மோளமும் கிதாருக்குப் பக்கவாத்தியமாக ஒடுங்கவில்லை. கானாவின் சந்தமும் ராப்பின் விரைசொல்லும் ஒரே பாட்டில் மோதிக்கொண்டன. இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாடுபொருளாயின. சில பாடல்களில் முழக்கம் கவிதையை விழுங்கிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேச்சுத்தமிழின் ஓசையைத் திருத்தாமல், அதன் எதுகையிலேயே சினத்தை நிறுத்திய இடங்கள், புதுக்கவிதை எழுதுவோர் செவி சாய்த்துக் கேட்கத் தக்கவை.

குழுவின் ஒரே பெண் குரல் இசைவாணி. கானா ஆடவர் துறையாகவே கருதப்பட்டு வந்தது. இழவு வீட்டில் பெண்ணுக்கு உரியது ஒப்பாரி, பந்தலில் பாடும் உரிமை ஆணுக்கு. அப்பந்தலின் பாட்டை மேடையில் நின்று பாடிய அவர் பெயர், 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றது.