கடைக்கு எந்தத் தொலைபேசி?

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஏசி, பிரிட்ஜ் திருத்தும் கடை நடத்துபவர் கட்டணத்துக்கு முன் பார்க்க வேண்டியது, இலக்கம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைத்தான். ஊழியரின் சொந்த சிம் இலக்கத்தைப் பெயர்ப்பலகையில் எழுதினால், அவர் கட்டாருக்குப் போகும்போது வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். நம் ஊர்களில் புதிதல்ல இது.

067 இல் தொடங்கும் நிலையான இலக்கத்தைக் கடை உரிமையாளர் தன் பெயரில் எடுப்பது நல்லது. குரல் அழைப்பில் வரும் குறியீட்டைக் கொண்டு அதே இலக்கத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் திறக்கலாம். கணக்கு உரிமையாளரின் கைபேசியில் இருக்கட்டும். ஊழியர்களின் கைபேசிகளை அதனுடன் இணைக்கலாம், விலகுபவரின் இணைப்பை உடனே துண்டிக்கலாம்.

ஃபைபர் இணைப்பென்றால் மின்வெட்டில் தொலைபேசியும் நின்றுவிடும்; ரவுட்டருக்குச் சிறிய யுபிஎஸ் தேவை. இரண்டு மூன்று பேர் உள்ள கடைக்கு பிபிஎக்ஸ் வீண்செலவு.