எரிமலையின் கணக்கும் மலையகத்தின் கணக்கும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். "ஓர் எரிமலை வெடித்தால் வெளியேறும் கரியமில வாயுவுக்கு முன்னால் மனிதன் விடும் புகை எம்மாத்திரம்?" என்பதே அது. கேட்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். பாடசாலை ஆசிரியர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் இதைக் கேட்டதுண்டு. இலங்கையில் எரிமலை இல்லை. ஆயினும் இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி மலையகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1883 ஆகஸ்ட் 27 அன்று, ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடைப்பட்ட சுந்தா நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்துச் சிதறியது. முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். அந்த ஓசை இலங்கையிலும் கேட்டதென்று இலண்டன் ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. சென்னையில் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார்.

அப்போது மலையகம் எவ்வாறிருந்தது? 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அந்த வெறுமையை நிரப்பத் தொடங்கியிருந்தது. நாவலப்பிட்டிவரை 1874இல் வந்த புகையிரதப் பாதை, ஹற்றனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் எட்டியது. திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த நம் மக்கள் காட்டை வெட்டினார்கள்; வெட்டியதைத் தீயிட்டார்கள்; எரிந்த சரிவில் கன்று நட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை நான்கு இலட்சம் ஏக்கரை நெருங்கிவிட்டது.

ஆக, ஒரே காலத்தில் இரண்டு புகைகள் எழுந்தன. ஒன்று எரிமலையின் புகை. மற்றொன்று, எரிந்த காடுகளிலிருந்தும் நிலக்கரி இரயில்களிலிருந்தும் உலகெங்கும் பெருகிய ஆலைகளிலிருந்தும் எழுந்த மனிதப் புகை. வானத்தின் நிறத்தையே மாற்றியதால் முதலாவதை எல்லோரும் கண்டார்கள். இரண்டாவதை எவரும் பொருட்படுத்தவில்லை.

காற்று இவ்விரண்டையும் எவ்வாறு கணக்கில் வைத்தது? அண்டார்டிக்காவின் பனிப்பாளங்களில் பழங்காலக் காற்று சிறு குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்ததென்று அக்குமிழிகள் கூறுகின்றன. 1815இல் வெடித்த தம்போரா கிரகட்டோவாவைவிடப் பெரிது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானதும் அதே ஆண்டில்தான். அந்தத் தம்போராவோ, 1883இன் கிரகட்டோவாவோ இந்த அளவில் திடீர் ஏற்றம் எதையும் உண்டாக்கவில்லை. ஏற்றம் படிப்படியாகவே வந்தது. 1958இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது 315; இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

கீலிங்கின் நிலையம் இருப்பது மௌனா லோவா என்னும் எரிமலையின் மேல். "எரிமலையில் உட்கார்ந்துகொண்டு அளந்தால் அப்படித்தான் காட்டும்" என்று சிலர் நகைப்பார்கள். எரிமலை வாயு காற்றோடு வரும்போது அளவு சட்டென்று தாவும். அவ்வேளை அளவுகளைத் தனியே பிரித்து நீக்கிவிடுவார்கள். எரிமலையே இல்லாத தென்துருவத்தின் நெடுங்கால அளவுகளும் அதே ஏற்றத்தைத்தான் காட்டுகின்றன.

இனி எண்களைப் பார்ப்போம். பூமியின் எரிமலைகள் அனைத்தும், கடலடியில் உள்ளவை உட்பட, ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 13 கோடி முதல் 44 கோடி தொன்வரை என்பது அறிவியலாளர் மதிப்பீடு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சீமெந்து ஆகியவற்றால் மனிதர் வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி தொன்; அதாவது நாளொன்றுக்குப் பத்துக் கோடி தொன். எரிமலைகள் ஓராண்டில் விடுவதை நாம் ஐந்து நாட்களுக்குள் விட்டுவிடுகிறோம். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்தபோது வெளியேறியது ஏறத்தாழ 5 கோடி தொன். இன்றைய கணக்கில் நாள்தோறும் இரண்டு பினாதுபோக்களை மனிதர் வெடிக்க வைக்கிறோம்!

இன்னும் சொல்வதானால், அத்தகைய பெருவெடிப்புகள் உலகைச் சூடாக்கவில்லை. பினாதுபோவின் கந்தக வாயு மேல்வளியில் நுண்துளிகளாகிச் சூரிய ஒளியைத் தடுத்தது; உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகை குறைந்து, சில ஆண்டுகளில் மீண்டது.

காற்றில் கூடியிருக்கும் கரி எங்கிருந்து வந்ததென்பதற்கும் சான்று உண்டு. தாவரங்கள் இலேசான கரி அணுக்களையே விரும்பி ஏற்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் பழங்காலத் தாவரங்களிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தவையாதலால் அவற்றிலும் அந்த இலேசான கரியே மிகுதி. எரிமலைக் கரி அத்தகையதன்று. காற்றிலுள்ள கரி ஆண்டுக்காண்டு இலேசாகி வருகிறது. கூடவே, காற்றின் ஒட்சிசனும் சிறுகச் சிறுகக் குறைகிறது. எரித்தால்தான் ஒட்சிசன் செலவாகும். எரிமலை வாயுவுக்கு அது தேவையில்லை.

இந்தக் கணக்கில் மலையகத்தின் பங்கு என்ன? இலங்கையர் ஒருவரின் ஆண்டுப் பங்கு ஏறத்தாழ ஒரு தொன்; உலகச் சராசரியோ நாலரைத் தொன்னுக்கும் மேல். லயன் அறையில் விறகடுப்பு மூட்டும் கொழுந்து பறிப்பவரின் பங்கு அந்த ஒரு தொன்னையும் எட்டாது. ஆனால் வறட்சி நீண்டால் கொழுந்து குறைகிறது; அடைமழை பெய்தால் வேலை நாள் குறைகிறது. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களை மண்சரிவுகள் சிதைத்தன.

ஒவ்வொரு மண்சரிவையும் கரியமில வாயுவின் கணக்கில் எழுதிவிட முடியாது. காடிழந்த சரிவு, பழுதான வடிகால், அபாயமான இடத்திலேயே விடப்பட்ட லயன் ஆகியவையும் காரணங்கள். அவற்றுக்குத் தோட்ட நிர்வாகங்களும் அரசாங்கங்களும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும் என்பது பௌதிக விதி. சுமந்ததை அது எங்கேனும் கொட்டத்தான் செய்யும்.

ஆகவேதான் அந்தக் கேள்வியைச் சாதாரணமாக விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. எரிமலையை யாரும் நீதிமன்றத்துக்கு அழைக்க முடியாது. அதனிடம் இழப்பீடும் கேட்க முடியாது. பழி எரிமலைக்குப் போனால், மிகுதியாக எரித்த நாடுகள் பதில் சொல்லத் தேவையில்லாமற் போய்விடும். பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடு வேண்டுமென்ற தோட்டத் தொழிலாளியின் கோரிக்கையும் "இயற்கையின் சீற்றம்" என்ற ஒரு சொல்லில் அடங்கிப்போகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மக்கள் பிறருடைய கணக்கேடுகளில் பற்றுப் பக்கத்திலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கையாவது அவர்கள் சரியாக அறிந்திருக்க வேண்டும்.