உப்பு, குடிசை, கொஞ்சம் ஸ்கூபா

ஆணி புடுங்கிப் புடுங்கி மூணு வருஷ லீவு சேர்ந்து கிடக்கு. தங்கமணியும் நானும் ஸ்கூபா கத்துக்கிட்டு, நீச்சல் குளத்துப் பாடம் வரைக்கும் முடிச்சாச்சு. இனி கடல்ல இறங்க வேண்டியதுதான் பாக்கி. எங்கே இறங்குறதுன்னு தேடினப்ப சிக்கினது போனேர் தீவு.

கரீபியன்னா நமக்கெல்லாம் லாராவும் வால்ஷும்தான். இது அந்த ஆட்டத்துல சேராத தீவு. வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கு, டச்சுக்காரர்களுடையது. 2010 அக்டோபரிலிருந்து நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. புதுசா முங்குறவங்களுக்கு இங்கே ஒரு வசதி: படகே வேண்டாம். ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல் இருந்தா, அங்கே வண்டியை நிறுத்திட்டு நடந்தே கடலுக்குள்ள போகலாம். தீவைச் சுத்தி இருக்கிற கடல் 1979ல் இருந்து பாதுகாக்கப்பட்ட பூங்கா. கையுறை போடக்கூடாது, பவளப்பாறையைத் தொடக்கூடாதுன்னு ஏகப்பட்ட கண்டிஷன்.

மேப்பை விரிச்சு இடம் குறிச்சிட்டு இருந்தோம். தெற்குக் கரையில ரெண்டு பேரு: ரெட் ஸ்லேவ், ஒயிட் ஸ்லேவ்.

"ஏங்க, ஸ்லேவ்னா அடிமைதானே? முங்குற இடத்துக்கு யாராவது இப்படிப் பேரு வைப்பாங்களா?"

பதில் தெரியாம முழிச்சேன். அப்புறம் ரெண்டு ராத்திரி டூர் பிளானை மூடி வச்சிட்டுப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

டச்சுக்காரர்கள் 1636ல் போனேரைப் பிடிச்சதுக்கு முக்கியக் காரணம் உப்பு. ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த அவங்களுக்கு மலை மலையா உப்பு வேணும். ஸ்பெயினோடு சண்டை நடந்ததால ஐபீரியாவிலிருந்து வந்த உப்புக்குத் தடை. போனேரின் தெற்குப் பகுதியோ தட்டையான நிலம், மழை குறைவு, ஓயாத காற்று, கொளுத்துற வெயில். கடல் தண்ணியைப் பாத்தியில விட்டா, மிச்ச வேலையை வெயிலும் காத்தும் பார்த்துக்கும். ஆனா விளைஞ்ச உப்பை வெட்டிச் சுமக்க ஆள் வேணுமே? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் வந்தாங்க. பிற்காலத்தில் இவங்க எந்தத் தனி முதலாளிக்கும் சொந்தமில்லை, அரசாங்கத்துக்கே சொந்தம். உள்ளூர் பாப்பியமென்டு மொழியில் இவங்களுக்கு 'ராஜாவின் அடிமைகள்'னு பேரு.

1830களில் கரையோரம் உயரமான தூண்களைக் கட்டினாங்க. சிவப்பு, வெள்ளை, நீலம், ஆரஞ்சுன்னு நாலு கலர். டச்சுக் கொடியின் மூணு நிறம், கூடவே அரச குடும்பத்தின் ஆரஞ்சு. எந்த உப்பளத்துல சரக்கு ஏத்தணும்னு கப்பல்காரனுக்கு அடையாளம் காட்டத்தான் இந்த ஏற்பாடு. ரெட், ஒயிட்டுக்கு அர்த்தம் இப்பப் புரியுதா?

ஸ்லேவுக்கு அர்த்தம் தூணுக்குப் பக்கத்துலயே இருக்கு. 1850ல் கட்டின கல் குடிசைகள். வாசல் இடுப்பு உயரம்தான், குனிஞ்சுதான் உள்ளே போகணும். வாரம் முழுக்க உப்பு வெட்டுறவங்களுக்கு ராத்திரி படுக்க அந்தப் பொந்து. குடும்பமெல்லாம் தீவின் இன்னொரு கோடியில, ரிங்கோன் கிராமத்துல. வாரக் கடைசியில ஏழு மணி நேரம் நடந்து வீட்டுக்குப் போவாங்களாம், திரும்பவும் நடந்தே வருவாங்களாம். 1863 ஜூலை 1ல் அடிமை முறை ஒழிஞ்சதும் உப்புத் தொழில் படுத்துடுச்சு. கூலியே இல்லாத ஆள்பலத்துல நின்ன கணக்கு அது.

படிச்சு முடிச்சதும் தங்கமணி கேட்டது: "அந்த வாசலுக்கு எதிர்ல போய் நாம ஜாலியா முங்கணுமாங்க?"

வேற தீவு பார்க்கலாமான்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சோம். அப்பத்தான் கேப்டன் டான் கதை கண்ணுல பட்டது. 1962ல் பாய்மரக் கப்பல்ல வந்து இறங்கின அமெரிக்கர். ஈட்டியால மீன் வேட்டையாடினவரே பின்னாடி அதை எதிர்த்துப் பேசினார். 1971ல் ஈட்டி வேட்டைக்குத் தடை வந்தது. நாம பார்க்க ஆசைப்படுற மீனெல்லாம் இன்னிக்கு அங்கே இருக்குன்னா, இந்த மாதிரி ஆட்கள்தான் காரணம். ஒதுங்கிப் போறதால யாருக்கும் எதுவும் ஆகப்போறதில்லை; தெரிஞ்சுக்கிட்டே போறதுதான் சரின்னு எனக்குத் தோணுச்சு. தங்கமணி அரை மனசா ஒத்துக்கிட்டாங்க, ஒரு கண்டிஷனோட.

பல நாள் முங்கினப்புறம் குறைஞ்சது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேறணும். அதனால கடைசி நாள் எப்படியும் சும்மாதான் இருக்கணும். அந்த நாள் முங்குறதுக்கு இல்லை, குடிசைகளுக்கு. முதல்ல அந்த வாசல்ல குனிஞ்சு உள்ளே போய்ப் பார்க்கணும். அப்புறம் அங்கிருந்து ரிங்கோன் வரைக்கும். கார்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. கொஞ்ச தூரமாவது இறங்கி நடக்கணும்ங்கிறதுதான் கண்டிஷன்.

டிக்கெட் போட்டாச்சு மக்கா. ஃபின்னோட சேர்த்து நடக்கிற ஷூவும் பெட்டியில ஏறியாச்சு :-)