ஹீமோபிலியா நோயாளிகளுக்கு மூட்டு அறுவை சிகிச்சை: ரத்தத்தில் ‘தடுப்பான்’ இருந்தால் என்ன செய்வது?

கொல்கத்தா: பலமுறை ரத்தம் கசிந்து இறுகிப்போன முழங்காலுடன் நடக்க முடியாமல் தவிக்கும் ஹீமோபிலியா நோயாளிக்கு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மறுவாழ்வு தரக்கூடியது. ஆனால், அவரது ரத்தத்தில் ‘இன்ஹிபிட்டர்’ எனப்படும் தடுப்பான் உருவாகியிருந்தால், அதே அறுவை சிகிச்சை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இத்தகைய நோயாளிகளுக்கும் பாதுகாப்பாக அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்பதைக் கடந்த 40 ஆண்டு கால மருத்துவ வளர்ச்சி நிரூபித்துள்ளது. எனினும், அதன் வெற்றி அறுவை அரங்கில் மட்டுமன்றி, அதற்கு முன்பே ஆய்வகத்திலும் மருந்துக் கிடங்கிலும் பெருமளவு தீர்மானிக்கப்படுகிறது.

தடுப்பான் என்றால் என்ன?

ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் 8-ஆம் காரணி குறைவாக இருந்தால் அது ஹீமோபிலியா ‘ஏ’. 9-ஆம் காரணி குறைவாக இருந்தால் ஹீமோபிலியா ‘பி’. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு முதல் வகையும், 30,000 பேரில் ஒருவருக்கு இரண்டாம் வகையும் ஏற்படுகின்றன. குறைபாடுள்ள காரணியை ஊசி மூலம் செலுத்துவதே வழக்கமான சிகிச்சை.

சில நோயாளிகளின் உடல், இவ்வாறு செலுத்தப்படும் காரணியை அந்நியப் பொருளாகக் கருதி, அதை எதிர்க்கும் புரதத்தை உருவாக்கிவிடுகிறது. இதுவே தடுப்பான். கடுமையான ஹீமோபிலியா ‘ஏ’ உள்ளவர்களில் 25 முதல் 30 சதவீதத்தினருக்கும், ‘பி’ வகையில் சுமார் 5 சதவீதம் வரையிலானோருக்கும் இது உருவாகிறது. அதன்பின் வழக்கமான காரணி மருந்து எவ்வளவு செலுத்தினாலும் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது.

மூட்டு ஏன் பாதிக்கப்படுகிறது?

ஹீமோபிலியாவில் முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள்தான் ரத்தக்கசிவு அதிகம் ஏற்படுகிறது. கசிந்த ரத்தத்திலுள்ள இரும்புச்சத்து மூட்டின் உட்சவ்வில் படிந்து அதைத் தடிக்கச் செய்கிறது. தடித்த சவ்வில் மீண்டும் எளிதாகக் கசிவு ஏற்படுகிறது. இந்தச் சுழற்சி தொடர்ந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தடுப்பான் உள்ளவர்களுக்குக் கசிவை நிறுத்துவது கடினம் என்பதால் மூட்டுச் சேதமும் அவர்களுக்கே அதிகம். அறுவை சிகிச்சையின் தேவை மிகுந்தவர்களுக்கே அதன் ஆபத்தும் மிகுதியாக உள்ளது.

1988-இல் திறந்த கதவு

இத்தகைய நோயாளிகளுக்கு, உயிர் காக்கும் அவசரம் இருந்தாலன்றி அறுவை சிகிச்சை தவிர்க்கப்பட்டு வந்தது. 1988-இல் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், தடுப்பான் உள்ள ஒரு நோயாளிக்கு முழங்கால் உட்சவ்வை அகற்றும் அறுவை சிகிச்சை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சியாளர் உல்லா ஹெட்னர் உருவாக்கத்தில் முன்னின்ற, மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்ட செயலூட்டிய 7-ஆம் காரணி அப்போது பயன்படுத்தப்பட்டது. ‘நோவோசெவன்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் அறியப்படும் மருந்து இதுவே.

இது 8-ஆம் அல்லது 9-ஆம் காரணியை நம்பியிராமல், வேறு வழியில் ரத்தத்தை உறையச் செய்கிறது. ‘ஃபீபா’ என்ற பெயரில் கிடைக்கும் செயலூட்டிய காரணிக் கலவையும் இதே மாற்றுவழி வகையைச் சேர்ந்தது.

கத்தி எடுக்கும் முன்

அறுவை சிகிச்சைக்கு முன் தடுப்பானின் அளவைக் கண்டறிவது கட்டாயம். இது ‘பெதஸ்டா அலகு’ என்ற அளவீட்டில் குறிக்கப்படுகிறது. 5 அலகுகளுக்குக் குறைவாக இருந்தால், வழக்கமான காரணியையே மிக அதிக அளவில் செலுத்தி அறுவை சிகிச்சை செய்ய வாய்ப்புண்டு. 5-க்கு மேல் இருந்தால் மாற்றுவழி மருந்துகளே தேவைப்படும்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. நெடுநாள் காரணி மருந்து பெறாதவர்களுக்குத் தடுப்பானின் அளவு தற்காலிகமாகக் குறைந்து காணப்படலாம். மீண்டும் காரணி செலுத்தினால் சில நாள்களில் அது கிடுகிடுவென உயரும். எனவே முந்தைய பரிசோதனைகளில் பதிவான உச்ச அளவையும் மருத்துவர்கள் கேட்கின்றனர். பழைய மருத்துவச் சீட்டுகளை நோயாளியின் குடும்பத்தினர் பத்திரப்படுத்துவது இதனால் மிகவும் அவசியம்.

மருந்துக் கணக்கு

செயலூட்டிய 7-ஆம் காரணியின் ஆற்றல் உடலில் சில மணி நேரமே நீடிக்கும். எனவே முதல் ஒன்றிரண்டு நாள்களுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்த வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு 90 மைக்ரோகிராம் என்று கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 5.4 மில்லிகிராம் தேவை. ஒரு நாளில் 12 வேளை, மொத்தம் 64.8 மில்லிகிராம். பின்னர் இடைவெளி 3, 4, 6 மணி நேரம் எனப் படிப்படியாக நீட்டிக்கப்பட்டாலும், பெரிய மூட்டு அறுவை சிகிச்சைக்கு ஏறத்தாழ இரு வாரங்கள் மருந்து தேவைப்படும்.

காயம் ஆறும் முன் மருந்து தீர்ந்துவிட்டால், வெற்றிகரமாகப் பொருத்தப்பட்ட மூட்டிலும் ரத்தம் கட்டி, தொற்று ஏற்பட்டு, அனைத்தும் வீணாகலாம். ஆகவே முழுக் காலத்துக்கும் தேவையான மருந்து கையிருப்பில் உறுதியான பின்னரே தேதி குறிக்கப்பட வேண்டும். இந்த மருந்துச் செலவைக் கருதி, தகுதியுள்ள நோயாளிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளை ஒரே கட்டத்தில் சரிசெய்வதும் பரிசீலிக்கப்படுகிறது.

ஆய்வக, ரத்த வங்கி வசதிகள் முழுமையாகக் கிடைக்கும் வகையில், வாரத் தொடக்கத்தில், காலை நேரத்தில் அறுவை சிகிச்சையை அமைக்க வேண்டும் என்று உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் வழிகாட்டுதல் கூறுகிறது. 2020-இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பின் முதன்மை ஆசிரியர், அப்போது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ரத்தவியல் நிபுணராக இருந்த அலோக் ஸ்ரீவாஸ்தவா ஆவார்.

எமிசிசுமாப் பெறுவோர் கவனத்துக்கு

2017-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ‘எமிசிசுமாப்’, தடுப்பான் இருந்தாலும் ஹீமோபிலியா ‘ஏ’ நோயாளிகளுக்கு ரத்தக்கசிவைப் பெருமளவு குறைக்கிறது. தோலுக்கடியில் செலுத்தப்படும் இம்மருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆனால் பெரிய அறுவை சிகிச்சைக்கு இது மட்டுமே போதாது; கூடுதலாக மாற்றுவழி மருந்து தேவைப்படும்.

இங்குதான் எச்சரிக்கை தேவை. எமிசிசுமாப் பெறுபவருக்கு ஃபீபாவை அதிக அளவில் செலுத்தியபோது, சிறு ரத்த நாளங்களில் உறைகட்டிகள் உருவாகும் ஆபத்தான விளைவு சிலருக்கு ஏற்பட்டது. எனவே இவர்களுக்குச் செயலூட்டிய 7-ஆம் காரணிக்கே முன்னுரிமை தரப்படுகிறது. மேலும், எமிசிசுமாப் பெறுபவருக்கு வழக்கமான ரத்த உறைவுப் பரிசோதனை இயல்பானது போன்ற முடிவைக் காட்டும். அதை நம்பி அறுவை சிகிச்சையில் இறங்குவது பேராபத்து. தடுப்பானை அளக்கவும் சிறப்புப் பரிசோதனை முறை தேவை. கடைசியாக எப்போது இந்த ஊசி போடப்பட்டது என்பதை நோயாளி ஒவ்வொரு மருத்துவரிடமும் தெரிவிக்க வேண்டும்.

கொல்கத்தாவில் எங்கு செல்வது?

கொல்கத்தா மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள ரத்தவியல் மற்றும் ரத்த மாற்று மருத்துவ நிலையமும், சியால்டா ரயில் நிலையம் அருகே உள்ள என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரத்தவியல் துறையும் நகரில் ஹீமோபிலியா நோயாளிகள் நாடும் முக்கிய அரசு மையங்கள். எலும்பு முறிவு மருத்துவரிடம் நேரடியாகச் செல்வதைவிட, முதலில் ரத்தவியல் நிபுணரை அணுகுவதே முறை. ரத்தவியல் நிபுணர், எலும்பு மூட்டு அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ஆய்வகத்தினர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் ஒரே அணியாகச் செயல்படும் மையத்தில் மட்டுமே இந்தச் சிகிச்சை செய்யப்பட வேண்டும்.

அறுவை சிகிச்சையே தேவைப்படாத கட்டமும் உண்டு. உட்சவ்வு தடித்த தொடக்க நிலையில், கதிரியக்க மருந்தையோ ரிஃபாம்பிசினையோ மூட்டுக்குள் ஊசி மூலம் செலுத்தி அதைச் சுருங்கச் செய்யலாம். இதற்குத் தேவைப்படும் மாற்றுவழி மருந்தும் மிகக் குறைவு. மூட்டு வீக்கத்தை ஆரம்பத்திலேயே காட்டினால், பின்னாளில் மூட்டு மாற்றும் நிலையைத் தள்ளிப்போட முடியும்.

சிகிச்சைக்குப் பின்

புதிய மூட்டு பொருத்துவதுடன் சிகிச்சை முடிவதில்லை. நெடுங்காலம் மடங்கியிருந்த காலை நீட்ட, மருத்துவமனையிலேயே இயன்முறைப் பயிற்சி தொடங்கும். அது பல மாதங்கள் நீடிக்கும். பயிற்சி நேரத்தில் கசிவு ஏற்படாமலிருக்க அப்போதும் மருந்து தேவைப்படலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளையும் தசையில் போடும் ஊசிகளையும் தவிர்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஹீமோபிலியாவையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக அங்கீகரித்துள்ளது. உரிய சான்றிதழ் பெறுவது அரசு உதவிகளைக் கோர வழிவகுக்கும்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி தரப்படும் நாளில் நோயாளியின் குடும்பத்தினர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: தடுப்பானின் தற்போதைய அளவு என்ன? இரு வாரங்களுக்கான மருந்து கையிருப்பில் உள்ளதா? வீடு திரும்பிய பின் பயிற்சி எங்கு நடைபெறும்? இவை மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும் வரை காத்திருப்பதே பாதுகாப்பானது.